நல்ல மேலாளர், நல்ல பணியிடம்: எதை வைத்து அறிவது?

கேள்வி இதுதான்: ஒருவருக்கு மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையிலும் கோலாலம்பூரில் உள்ள ஒரு சேவை நிறுவனத்திலும் ஒரே சமயத்தில் வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல தலைமைக்கும் சிறந்த பணியிடத்துக்கும் உரிய குணங்கள் எவை, வேலையில் சேர்வதற்கு முன்பே அவற்றைக் கண்டுகொள்ள வழி உண்டா என்று அவர் கேட்கிறார். இரண்டு ஊர்களிலும் மனிதவளத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். மோசமான மேலாளரிடம் சிக்கி, தன் திறமையின் மீதே நம்பிக்கை இழந்த இளைஞர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் அளவுக்குக்கூட நாம் மேலாளரைக் கணக்குப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் கவலை.

இப்படிக் கேட்டால் நேர்மை, தொலைநோக்கு, பொறுமை, துணிவு, பணிவு என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் நேர்முகத் தேர்வில் பேசிய ஒருவரிடம் பொறுமை இருக்கிறதா, துணிவு இருக்கிறதா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நான் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன். அந்த இடத்தில் ஒரு கெட்ட செய்தி, அது தோன்றிய இடத்திலிருந்து முடிவெடுக்கும் ஆளிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது? அதைக் கொண்டுபோய்ச் சொன்னவருக்கு அதன்பின் என்ன நேர்கிறது? மற்ற குணங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளுக்கான விடையில் வெளிப்பட்டுவிடும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. எமி எட்மண்ட்சன் என்பவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்கள் மருந்து கொடுப்பதில் செய்யும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது; நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அந்தக் குழுக்கள் அதிகமாகப் பிழை செய்யவில்லை. செய்த பிழையை மறைக்காமல் சொல்லின. மற்றக் குழுக்களில் தலைமைச் செவிலியருக்கு அஞ்சிப் பிழைகள் மூடி மறைக்கப்பட்டன. 1996இல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து, 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், அச்சமின்றிப் பேசக்கூடிய இந்த நிலையை அவர் உளவியல் பாதுகாப்பு என்று விளக்கினார். பின்னாளில் கூகுள் நிறுவனம் தன்னுடைய 180க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோது, ஒரு குழு சிறப்பாக இயங்குவதற்கான காரணங்களில் இதுவே முதலிடம் பெற்றது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே முக்கியமாக இருந்தது.

தொழிற்சாலையில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையில், லைனில் (உற்பத்தி வரிசையில்) நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை ஒன்றைக் கண்டால் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். கயிற்றை எந்தத் தொழிற்சாலையும் வாங்கி மாட்டிவிடலாம். இழுத்தவரிடம் மேற்பார்வையாளர் ஓடிவந்து முதலில் என்ன சொல்கிறார் என்பதில்தான் அந்த முறை வாழ்வதும் சாவதும் இருக்கிறது. நான் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலையில், இரவு ஷிப்டில் ஓர் இயந்திரத்தின் வெப்பநிலை சிறிது சிறிதாக விலகிப்போவதை அங்கு வேலை பார்த்த பெண் கவனித்திருக்கிறார். ஆனால் சொல்லவில்லை. அதற்கு முந்தைய மாதம் லைனை நிறுத்திய ஒருவரை ஷிப்ட் தலைவர் எல்லார் முன்னிலையிலும் ‘இன்றைய டார்கெட்டை நீயா வந்து முடிப்பாய்?’ என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தின் விலையாக ஒரு முழு இரவின் சரக்கு வீணாயிற்று. விசாரணையில் இயந்திரத்தைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதப்பட்டன. அந்த வாக்கியத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படவில்லை.

மலேசியத் தமிழர்களாகிய நம் சமூகத்துக்கு இதில் ஒரு தனிச் சுமையும் உண்டு. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்றவர்கள். துரை (தோட்ட நிர்வாகி) கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்வார், கிராணி மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்வார், மண்டோர் தொழிலாளியிடம் சொல்வார். செய்தி கீழ்நோக்கி மட்டுமே இறங்கும் ஏற்பாடு அது. வேலை மட்டுமல்லாமல் குடியிருந்த லயத்து வீடும் நிர்வாகத்தின் கையிலேயே இருந்ததால், எதிர்த்துப் பேசியவர் சம்பளத்தோடு வீட்டையும் இழக்க நேரிடும். தனி ஆளாகச் சொல்ல முடியாததைக் கூட்டாகச் சொல்வதற்குச் சங்கம் தேவைப்பட்டது. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தோட்டங்களை விட்டு நாம் நகரத்துக்கு வந்துவிட்டோம். ஆனாலும் பெரியவர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்ற பழக்கம் பலருக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. நம்மவர் ஒருவர் மேலாளர் ஆகும்போது, கீழே இருப்பவரிடம் அதே மௌனத்தை எதிர்பார்ப்பதையும் பார்க்கிறேன். மூத்தவரை ‘அண்ணே’, ‘சார்’ என்று அழைப்பதில் ஒரு குறையும் இல்லை. ‘அண்ணே, இந்தக் கணக்கு தப்பாக இருக்கிறது’ என்று ஓர் இளையவர் சொன்னால், அந்த அண்ணன் கணக்கைப் பார்க்கிறாரா, சொன்னவரின் முகத்தைப் பார்க்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கெட்ட செய்தி மேலே போனால் மட்டும் போதாது. கீழேயும் மறைக்காமல் வந்து சேர வேண்டும். இதற்கு அந்தத் தோட்டங்களிலிருந்தே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறித் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) மதிப்புள்ள பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, தொழிலாளர்களே தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆகும் திட்டம் அது. அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று அவர்களிடம் பேசினார். எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலை அவர் கொண்டுபோகவில்லை. தோட்டம் கைமாறும் ஆபத்தைச் சொன்னார், அதற்கு என்ன செய்யலாம் என்று சொன்னார், அவர்களுடைய பணத்தையும் உழைப்பையும் கேட்டார். மக்களை உண்மையைத் தாங்கக்கூடிய பெரியவர்களாக நடத்தும் இந்தக் குணத்தை நான் தலைமையின் உச்சமாக மதிக்கிறேன்.

இன்றைய அலுவலகங்களில் ஆட்குறைப்பின்போது இது தெரியவரும். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்னதாகத் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்படியிருந்தும், தன் குழுவில் யார் போகப்போகிறார்கள் என்று தெரிந்த மேலாளர்கள் கடைசி நாள் வரை சிரித்துப் பேசிவிட்டுக் கடிதத்தை மனிதவளத் துறையின் கையால் கொடுக்கவைப்பதுண்டு. எதிரே உட்கார்ந்து, காரணத்தைச் சொல்லி, கிடைக்க வேண்டிய இழப்பீட்டை விளக்கி, வேறு இடத்தில் பரிந்துரைக்க முன்வரும் மேலாளர்களும் உண்டு. இரண்டாம் வகையினரிடம் வேலை இழந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் அவரைத் தேடிவந்து பேசுவதை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். அச்சமின்றிப் பேசக்கூடிய இடம் என்றால் கண்டிப்பில்லாத இடம் என்று பொருள் இல்லை. தரத்தில் விட்டுக்கொடுக்காத, அறிக்கையில் ஓர் எண் பிழையானாலும் திருப்பி அனுப்புகிற, ஆனால் பிழையை ஒப்புக்கொண்டவரை ஒருபோதும் சிறுமைப்படுத்தாத மேலாளர்களிடம்தான் மக்கள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். இனிமையாகப் பேசி, யாரையும் திருத்தாமல், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் மட்டும் குறைந்த மதிப்பெண் போடுகிறவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. மார்ச் மாதத்தில் சொல்ல வேண்டிய குறையை டிசம்பரில் கேட்டால் அதை வைத்து நீங்கள் எதைத் திருத்துவது?

திறமையான தொழில்நுட்பரையே மேலாளர் ஆக்குவது பினாங்குத் தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். மற்ற இடங்களிலும் அப்படித்தான். கூகுள் 2008இல் தன் மேலாளர்களை ஆராயத் தொடங்கியபோது, நல்ல மேலாளரின் எட்டு நடத்தைகளாக வகுத்ததில் முதலாவதாக வந்தது, உடன் இருந்து கற்றுக்கொடுப்பது; தொழில்நுட்பத் திறன் எட்டாவதாக வந்தது. எட்டாவது என்றாலும் அது பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வேலையே தெரியாதவரிடம் பிரச்சினையைச் சொன்னால் அவருக்குப் புரியாது. ஆனால் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு ஆட்களை வழிநடத்தத் தானாகவே தெரிந்துவிடும் என்று நிறுவனம் எண்ணினால், ஒரு நல்ல தொழில்நுட்பரையும் இழந்து ஒரு மோசமான மேலாளரையும் பெறுகிறது. இந்தத் தவற்றில் நான் முதன்மையாகக் குறை சொல்வது, பயிற்சி கொடுக்காமல் பதவி கொடுத்தவர்களை.

பணியிடத்தைப் பொறுத்தவரை, சட்டம் கோருவதைச் செய்வது அடித்தளம் மட்டுமே; ஆனால் அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தங்களின்படி, 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேர வேலை, 98 நாள் பேறுகால விடுப்பு, தந்தைக்கு 7 நாள் விடுப்பு ஆகியவற்றை வகுக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் மிகவும் விரும்புகிறேன். காரணம் சொல்லி மறுப்பவரோடு வாழலாம். அவர் அடுத்த முறை எப்படி முடிவெடுப்பார் என்று கணிக்க முடியும். காரணம் சொல்லாமல் சலுகை கொடுப்பவரைக் கணிக்கவே முடியாது.

தீபாவளி விடுமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். அவற்றில் தேசிய நாள், மலேசிய நாள், தொழிலாளர் நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள் (கூட்டரசுப் பிரதேசத்தில் கூட்டரசுப் பிரதேச நாள்) ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதியை அரசிதழில் வந்த நாள்களிலிருந்து நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே தீபாவளிக்கு முதல்நாள் மாலை யாரை ஷிப்டில் போடுவது, தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்பவரிடம் எப்படிப் பேசுவது, நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நம்மவர்கள் ஈடுகொடுத்ததை அப்போது நினைவில் வைப்பது எல்லாம் மேலாளரின் நியாய உணர்வைப் பொறுத்தவை. ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாரையும் உட்காரவைத்து நாள்களைப் பங்கிட்டு எழுதி ஒட்டிவிடும் மேலாளரின் பிரிவில் பெருநாள் காலத்துச் சண்டைகள் வருவதே இல்லை.

கூட்டங்களில் பேசப்படும் மொழியும் அப்படித்தான். மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என்று பல மொழி பேசுவோர் உள்ள அறையில், பேச்சு பாதியில் சிலருக்கு மட்டும் புரியும் மொழிக்கு மாறினால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். அவர்களிடம் இருக்கும் எச்சரிக்கையும் அவர்களோடேயே நின்றுவிடும். பேச்சை எல்லாருக்கும் புரியும் மொழிக்கு மெல்லத் திருப்பும் தலைவரை நான் இரண்டு ஊர்களிலும் கண்டிருக்கிறேன். நம்மவர்களுடைய நிறுவனங்களில் தமிழில் நாம் பேசிக்கொண்டே போகும்போதும் இதே கடமை நமக்கு உண்டு.

எளியவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து உணவக வேலைக்கு வந்தவர், வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளி, ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவாளர் ஆகியோருக்கு வேலையை விட்டுப்போகும் சுதந்திரம் குறைவு. ஊழியரின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இருந்தும் பாதுகாப்புக்காக என்று சொல்லி வைத்துக்கொள்வோர் உண்டு. நம்மவர் நடத்தும் சிறு நிறுவனங்கள் சிலவற்றில் ‘நம்ம பையன்தானே’ என்ற உரிமையில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கைத் தள்ளிப்போடுவதும், ஊழியர் சேமநிதிச் சந்தாவைத் தாமதமாகக் கட்டுவதும் நடக்கின்றன. ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தன் கணக்கில் பணம் வந்திருக்கிறதா என்று ஊழியரே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். குடும்பம் போல் நடத்துகிறோம் என்று சொல்லும் முதலாளியிடம் இந்த ஒரு தேதி தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பது நம்பிக்கைத் துரோகம் ஆகாது.

ஊழியரை வளர்ப்பதில் பினாங்குக்கு ஒரு பெருமை இருக்கிறது. துறைமுகத்தின் வரியற்ற தகுதி போய், வேலையின்மை பெருகியிருந்த காலத்தில், முதலமைச்சர் லிம் சொங் இயூவின் முயற்சியில் 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கே அமைத்தது. 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டபோது, ஆட்களுக்காக ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் அரசோடும் கல்வித் துறையோடும் சேர்ந்து பொதுவான பயிற்சிக்கு வழிசெய்தன. பயிற்சி கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்று அஞ்சும் முதலாளிகள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். இன்று பெரும்பாலான துறைகளில் பத்தும் அதற்கு மேலும் மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. அந்தப் பணத்தில் கடந்த ஆண்டு யார் யார் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள் என்று நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேளுங்கள். மேலாளர்கள் மட்டுமே போனார்களா, தொழில்நுட்பர்களும் எழுத்தர்களும் போனார்களா என்பது நிறுவனம் யாரை வளர்க்க நினைக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

நேர்முகத் தேர்வில் இன்னும் சில கேள்விகள் பயன்படும். உங்கள் நேரடி மேலாளராக வரப்போகிறவரிடம், ‘அண்மையில் உங்கள் குழுவில் ஒருவர் சொல்லி நீங்கள் மாற்றிக்கொண்ட முடிவு ஒன்றைச் சொல்ல முடியுமா?’ என்று பணிவாகக் கேளுங்கள். அப்படி ஒன்று நடந்திருந்தால் ஆளின் பெயரோடு, சம்பவத்தோடு சொல்வார். நடக்காதிருந்தால் தன் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பது போன்ற பொதுப் பேச்சு வரும். ‘இந்தப் பதவியில் எனக்கு முன் இருந்தவர் எங்கே போனார்?’ என்ற கேள்விக்கு, அவர் பதவி உயர்ந்தார் என்றாலும் வேறு நிறுவனத்துக்குப் போனார் என்றாலும் நல்லதே. அவரைப் பழித்துப் பேசத் தொடங்கினால் நாளை உங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். தொழிற்சாலையாக இருந்தால் உற்பத்தித் தளத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மேலாளர் நடந்து வரும்போது ஊழியர்கள் இயல்பாக இருக்கிறார்களா, பேச்சை நிறுத்திக்கொள்கிறார்களா, யாராவது அவரை நிறுத்தி ஏதாவது சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கோலாலம்பூர் அலுவலகமாக இருந்தால், மாலை ஆறு மணிக்குமேல் அந்தக் கட்டடத்தின் கீழே நின்று, யார் எந்நேரத்தில் எப்படிப்பட்ட முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதும் தவறில்லை. அங்கே முன்பு வேலை செய்தவர் ஒருவர் கிடைத்தால், ‘எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் மறுநாள் என்ன பேசுவார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தால், ஊரையும் நிறுவனத்தின் பெயரையும் ஓரமாக வைத்துவிட்டு, நேரடி மேலாளர் யார் என்பதை வைத்தே முடிவெடுங்கள். பினாங்குத் தொழிற்சாலை உங்களை மனிதவளத் துறையோடு மட்டும் பேசவைத்திருந்தால், ஷிப்டில் உங்களுக்கு மேலே இருக்கப்போகிறவரை ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கோலாலம்பூர் நிறுவனத்திடமும் அவ்வாறே கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்து தரும் நிறுவனத்தோடு பேச்சைத் தொடருங்கள். காரணம் சொல்லாமல் மறுக்கும் இடத்தில், மற்றதைவிடச் சம்பளம் கூடுதலாக இருந்தாலும், கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.